எனக்குக் குடு!

“எனக்குக் குடு! இங்கே, எனக்கு!”

பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருக்கும் சலவை அறைக்கு ஆட்டம் இப்படித்தான் வந்து சேரும். பந்து தெரியாது, ஆள் தெரியாது. குரல் மட்டும் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே குதிக்கும்.

“ஆரம்பிச்சுட்டா பேராசைக்காரி,” என்று முணுமுணுப்பாள் அம்மா, காலுறைகளைத் திருப்பிப் போட்டபடி.

பெண்கள் கால்பந்து அணியின் துணிமணி முழுக்க அவள் பொறுப்பு. ஆட்டக்காரிகள் எல்லாருக்கும் அவள் அம்மாதான். ஆனால் பெற்ற மகள் ஒருத்திதான்: அணியின் இளைய முன்கள ஆட்டக்காரி.

கத்துகிறவள் மூத்த முன்கள ஆட்டக்காரி. பட்டப்பெயர் சங்கு. ஆலைச் சங்கு தோற்றுப்போகும் தொண்டை. முழங்காலில் ஆபரேஷன் தழும்பு, ஓய்வு பெறும் வயசு, இன்னும் பந்து தனக்கே வேண்டும்.

மகள் இந்த வருஷம் போட்ட கோல்களை எண்ண ஒரு கை போதும். சங்கு வாயை மூடியிருந்தால் இரண்டு கை தேவைப்பட்டிருக்கும் என்பது அம்மாவின் கணக்கு.

அதற்குச் சாட்சியும் வைத்திருந்தாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சங்குவின் ஜெர்சி கழுத்து கிழிந்தோ தோள் பிரிந்தோதான் வரும். மகளுடையதில் புல் கறை மட்டும். பந்துக்காக அடிதடி போடுகிறவள் சட்டை கிழியாமல் என்ன செய்யும்? தைக்கும்போது ஊசி விரலில் குத்தினால்கூட அம்மா சங்குவைத்தான் திட்டுவாள்.

மகளிடம் சொல்லியும் பார்த்தாயிற்று. உனக்கு ஆட்டம் தெரியாதும்மா, விடு என்று போய்விடுவாள். பிழைக்கத் தெரியாத பெண்.

அன்று வருஷத்தின் கடைசி ஆட்டம். மகளின் ஒப்பந்தமும் அத்தோடு முடிகிறது. இன்றைக்குக் கோல் போட்டால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் பார்க்கலாம் என்றிருந்தார் பயிற்சியாளர். அவர் ‘பார்க்கலாம்’ என்று சொன்ன யாரையும் அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

ஆட்டத்துக்குச் சற்று முன்னால் சங்கு வாசலில் வந்து நின்றாள். கழுத்தைச் சுற்றித் துண்டு. வாயைத் திறந்தால் பாதி காற்றுதான் வந்தது.

“கொஞ்சம் வெந்நீர் குடுங்கம்மா. உப்புப் போட்டுக் கொப்பளிக்கணும். குரலே எழும்பல.”

அம்மாவுக்குப் பின்னால், அவளுடைய டீக்காகக் கெட்டில் சூடாகிக்கொண்டிருந்தது. அவள் நகராமல் அதை மறைத்து நின்றாள்.

“கெட்டில் ரிப்பேர்.”

“பரவால்லம்மா.” சங்கு போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. ஜன்னல் வழியாக அந்தக் குரல் வரவே இல்லை. இன்றைக்குத்தான் என் பொண்ணு நிம்மதியா ஆடுவா என்று சலவை இயந்திரத்திடம் சொல்லிவிட்டு, அம்மா பாட்டு முனகிக்கொண்டே துண்டுகளை மடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆரவாரம் எழுந்தது. எதிர்ப்பக்க மாடத்திலிருந்து. கோல் வாங்கியாயிற்று.

இடைவேளையில் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஜெர்சி கழுத்திலிருந்து தோள்வரை பிளந்து தொங்கியது. கழுத்தில் நகக்கீறல்.

“வேற ஒண்ணு குடும்மா, சீக்கிரம்.”

“யாருடி இப்படிக் கிழிச்சது?”

“எதிர் டீம் பின்வரிசையில ரெண்டு மலை இருக்கு. சங்கக்கா கத்தினா, பந்து அவங்களுக்குத்தான் போகுதுன்னு நெனச்சு எந்த டீம்லயும் அவங்களைத்தான் புடிச்சுக்குவாங்க. நான் பாட்டுக்கு இந்தப் பக்கம் ஓடிப்போய் அடிச்சுருவேன். இன்னிக்கு அவங்களுக்குக் குரல் இல்ல. ரெண்டும் என்னையே புடிச்சுக்கிச்சு.”

“அப்ப பந்து குடுன்னு கேக்கறது…”

“பந்துக்காக இல்லம்மா. நான் போட்ட அத்தனை கோலும் அந்தக் கத்தல்ல போட்டதுதான். உனக்கு ஆட்டம் தெரியாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

புது ஜெர்சியைத் தலையில் மாட்டியபடியே ஓடிவிட்டாள்.

அம்மா கெட்டிலின் ஸ்விட்சைத் தட்டிவிட்டாள். அது கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்று அதை அவசரப்படுத்தினாள். பிறகு வெந்நீரை டம்ளரில் ஊற்றி, உப்பை அள்ளிப் போட்டு, ஒருநாளும் போகாத உடைமாற்றும் அறை வாசலுக்குப் போனாள்.

“கெட்டில் சரியாயிடுச்சு,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

சங்கு வாங்கிக் கொப்பளித்தாள்.

இரண்டாம் பாதியில் முதலில் வந்தது தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற ஒரு குரல். அடுத்தது கொஞ்சம் தெளிவாக. அதற்கடுத்தது ஜன்னல் கம்பியை உலுக்கியது.

“எனக்குக் குடு!”

“கத்துடி என் தங்கமே, நல்லாக் கத்து,” என்று சலவை இயந்திரத்தின் தலையில் தட்டினாள் அம்மா.

கூரை அதிர்ந்தது. மடித்து வைத்த துண்டுகள் மேல் தூசி கொட்டியது. ஒலிபெருக்கி மகளின் எண்ணைச் சொன்னது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கூரை, மறுபடியும் தூசி, மறுபடியும் அதே எண்.

ஆட்டம் முடிந்து அழுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தது சங்குதான். மேலாகக் கிடந்தது அவளுடைய ஜெர்சி. அதில் ஒரு கைதான் மிச்சம்.

“உங்க பொண்ணைத் தோள்ல தூக்கிட்டுச் சுத்துறாங்கம்மா. பயிற்சியாளர் ‘பார்க்கலாம்’னு சொல்லல. கையெழுத்துப் போட வரச் சொல்லிட்டாரு.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

“அந்தக் கெட்டில்…”

“நான் கேட்க வந்தப்பவே உங்க தோளுக்கு மேல ஆவி வந்துக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு,” என்று சிரித்தாள் சங்கு. “உங்க பொண்ணுகிட்ட ரிப்பேர்னுதான் சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.”

அவள் போனபின் அம்மா கிழிந்த ஜெர்சியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். இரண்டாவது தையலிலேயே விரலில் குத்தியது. யாரையும் திட்டாமல் தொடர்ந்து தைத்தாள்.