முகத்துக்குப் பதிலாக

ஏழாவது ஓவியத்தைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தைப் பிரித்ததும் ஜெபராணியின் கண்ணில் முதலில் பட்டது அந்த மஞ்சள் பைதான்.

சான் ஹோசேயில் இருந்த அந்தச் சின்னக் கலைக்கூடத்துக்கு அவள் வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். சம்பளம் கிடையாது. அவள் விசாவில் சம்பளம் வாங்கவும் கூடாது. வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வந்தவள், இரண்டு வருடத்தில் மெக்ஸிகோ வம்சாவளி ஓவியர்களில் பத்துப் பேரின் கைவண்ணத்தைத் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவாள்.

இந்த ஓவியர் முகம் வரைவதில்லை. காலையில் எல் கமினோ சாலையோரம் கூலி வேலைக்காக நிற்கிறவர்களைத்தான் வரைந்திருந்தார். பாதிப் பேருக்கு விசா இல்லை. முகம் சுவரில் தொங்கினால் வம்பு என்று தொப்பிக்குக் கீழே வெறும் நிறத்தைப் பூசி விட்டுவிடுவார். ஒருவன் கையில் சுத்தியல் இருந்தது. இன்னொருவன் தோளில் கயிற்றுச் சுருள் இருந்தது.

ஏழாவது ஆள் கையில் மஞ்சள் பை. அதில் சிவப்பாக ஏதோ வளைவுகள்.

கூடத்தை நடத்தும் டெல்ஃபினா நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். பழைய மாயன் குறிகளாக இருக்கலாம், இதை வைத்தே ஒரு ஆய்வு எழுதலாம் என்று பரவசப்பட்டார். வாசலுக்கு நேர் எதிரே மாட்டுவோம் என்றார். குறிப்பு அட்டையில் இந்த வளைவுகளை என்னவென்று போடலாம் என்று கேட்டார்.

சும்மா டிசைன்தான் என்று ஜெபராணி சொன்னாள்.

டிசைன் இல்லை. தெரியாத எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்ததில் இரண்டு புள்ளிகள் விட்டுப் போயிருந்தன, ஒரு கொம்பு திரும்பியிருந்தது. அப்படியும் வாசிக்க முடிந்தது. ஜெபதாஸ் – ஜெபராணி. திருமண நினைவு. பாளையங்கோட்டை, 21.5.97.

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சி, அவர்களோடு அமெரிக்கா வந்த ஒரே பை அது. தினமும் காலையில் அதில்தான் அவள் தயிர்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்துக் கொடுக்கிறாள். அதை எடுத்துக்கொண்டுதான் ஜெபதாஸ் ஆபீசுக்குக் கிளம்புகிறார்.

அவர் கம்பெனியில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியபோது, கர்த்தர் கிருபையில் என் வேலைக்கு ஒன்றும் இல்லை என்றார். வேலை போனால் விசா போச்சு, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரியும். அவர் உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது. கேட்டதற்கு ஜிம் என்றார். அவளும் நம்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர் சோற்றுப் பையிலேயே மறைத்திருக்கிறார்.

மேசையில் இருந்த போனை எடுத்து அவருடைய செல்லுக்கு அடித்தாள்.

"மீட்டிங்ல இருக்கேன் ராணி, அப்புறம் பேசுறேன்."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது. அவர் ஆபீஸ் நாலாவது மாடியில்.

ஆத்திரமாக வந்தது. கட்டிய பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வரவில்லையா இந்த மனிதருக்கு? அடுத்த நிமிடமே, அவர் வெயிலில் நடைபாதை ஓரம் குந்தி அந்தத் தயிர்சாதத்தைச் சாப்பிடுவது கண்முன் வந்தது.

அப்புறம்தான் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. சனிக்கிழமை கண்காட்சித் திறப்பு. போன ஞாயிறு தமிழ் ஆராதனை முடிந்ததும் அவளே வாசலில் நின்று ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்து, எல்லாரும் கட்டாயம் வரணும் என்று கூப்பிட்டிருந்தாள். சாந்தி ஆன்ட்டி முதல் ஆளாக வருவார். பலகாரம் கட்டிவந்த காகிதத்தைக்கூட வாசிக்காமல் போடாதவர். வாசலுக்கு நேரே இந்தப் பை தொங்கினால், ஞாயிறு சாயங்காலத்துக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். தலை நிமிர்ந்து நடந்த மனிதர் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்?

வாசலில் வெளிச்சம் அதிகம், அந்த மஞ்சள் கண்ணை உறுத்தும், பாத்ரூம் போகிற வழியில் மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்று வாயில் வந்ததை எல்லாம் டெல்ஃபினாவிடம் சொன்னாள். அவர் அரை மனசோடு தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஜெபராணி படத்தைத் தூக்கி, பை தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

பின்பக்கம் ஓவியர் கைப்பட எழுதிய ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எல்லாப் படத்திலும் உண்டு. அதைப் பார்த்துத்தான் அவள் அட்டைகளை டைப் அடிக்க வேண்டும். மேலே ஜூலை 9 என்று தேதி. இது அக்டோபர். மூன்று மாதம்.

கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நின்றபடியே வாசித்தாள்.

உங்கள் முகத்தை வரைய மாட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதற்குப் பதிலாக எதை வரைந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு உங்களை அடையாளம் தெரியும் என்று கேட்டேன். ஏழாமவர் ஒன்றும் வேண்டாம் என்றார். கொஞ்சம் கழித்து, படங்கள் எந்தக் கூடத்துக்குப் போகின்றன என்று கேட்டார். இந்தக் கூடத்தின் பெயரைச் சொன்னேன். பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு தன் சாப்பாட்டுப் பையை எடுத்து, எழுதியிருந்த பக்கம் என்னைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார்.

எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று இரண்டு முறை கேட்டார்.