வெள்ளை படாத சட்டை

கணவன் நேற்றுக் கழற்றிப் போட்ட சட்டையின் காலரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பூ வாசனையோ சென்ட் வாசனையோ இல்லை. ஆனால் சட்டை, நேற்றுக் காலையில் போட்டுக்கொண்டு போன சுத்தத்தோடு அப்படியே இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

அனல் மின் நிலையத்தில் சுண்ணாம்புப் பொடி கொட்டுகிற வேலை அவள் கணவனுக்கு. அவன் மூட்டை பிரித்துக் கொட்டுகிற பொடியை இயந்திரம் புகைக்குழாய்க்குள் ஊதும். நிலக்கரிப் புகையிலுள்ள, மூச்சுக்கு ஆகாத கந்தகத்தை அந்தப் பொடி பிடித்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் புருவம்வரை வெளுத்துப்போய் வந்து நிற்பவனைப் பார்த்து, மாவு மில்லில் விழுந்து எழுந்த மாப்பிள்ளை என்று கேலி செய்வாள். சட்டையை வாசலிலேயே நாலு உதறு உதறாமல் அவனை உள்ளே விட்டதில்லை.

அப்படி உதறி மூன்று மாதமாகிறது. கேட்டதற்கு, புது மெஷின் வந்திருக்கிறது, தூசி பறக்காது என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

போதாக்குறைக்கு இன்று காலையும் அதே பாட்டு. "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுல ஒரு ஆறு மாசம் இரும்மா. ஊர் மாறினா அவ இருமலும் நிக்கும்."

"இருமலுக்கு டாக்டர் மருந்து குடுத்திருக்காரு. நான் கிளம்பினா இங்க யார் வந்து உட்காரப்போறா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

யாரிடமாவது சொல்லி அழலாமென்றால் மின் நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. எதிர்வீட்டுக்காரி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, தங்கை கல்யாணம் என்று பிள்ளைகளோடு போனவள் இன்னும் திரும்பவில்லை.

மதியம் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மின் நிலைய கேட்டுக்கே போய்விட்டாள். கணவனோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கிறவனைக் கூப்பிடச் சொன்னாள்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. உங்க அண்ணன் ஒழுங்கா வேலைக்கு வர்றாரா?"

"ஒரு நாள் தவறாம வர்றாரே அண்ணி."

"அப்ப அவ உள்ளயேதான் இருக்காளா?"

அவன் விழித்தான். அழுக்காகாத சட்டை, முகம் பார்க்காத பேச்சு, அம்மா வீட்டுக்குத் துரத்துவது என்று அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வாய்விட்டுச் சிரிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. காவலாளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவளைச் சுவரோரமாகத் தள்ளி அழைத்துப்போனான்.

"அண்ணன் வேற எங்கயும் போகலை அண்ணி. சுண்ணாம்பு வர்றது நின்னே மூணு மாசமாச்சு. சும்மாதான் உட்கார்ந்திருக்கோம். வெளிய மூச்சு விட்டா வேலை போயிடும்னு மிரட்டி வச்சிருக்காங்க."

வேறொருத்தி இல்லை! நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. வீட்டுக்கு வரட்டும், இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கணவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது.

இடுப்பிலிருந்த குழந்தை இருமியது. இருமி முடிக்க முடியாமல், மூச்சை இழுத்து இழுத்து, அவள் தோளில் சாய்ந்தது.

எதிரே நின்றவன் குழந்தையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நாங்கல்லாம் எங்க பிள்ளைங்களை அப்பவே அனுப்பிட்டோம் அண்ணி. குவார்ட்டர்ஸ்ல மிச்சம் இது ஒண்ணுதான்."