ஐந்தாவது 'ஏ'

பள்ளி திறந்த அன்று முதல் ஆளாகத் தலைமை ஆசிரியை உமாமகேஸ்வரியின் அறைக்குள் நுழைந்தார் ஹரிதாஸ். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியின் மேலாளர். மகளின் வகுப்புச் சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க டீச்சர், எம் பொண்ணுக்கு அஞ்சாவது 'பி'ன்னு போட்டிருக்கீங்க?"

"'பி'யிலயும் அதே பாடந்தானுங்க சார்."

"பாடத்தை விடுங்க. இலை பறிக்கிறவங்க புள்ளைங்களோட எம் பொண்ணு உக்காருமா? ஊட்டுல சம்சாரம் காபிகூடக் குடிக்கலைங்க. 'ஏ' குடுங்க. இல்லீன்னா டி.சி. குடுங்க, குன்னூர்ல சேர்த்துக்கறேன்."

உமாமகேஸ்வரி பதிவேட்டை நெடுநேரம் புரட்டினார். பெருமூச்சு விட்டார்.

"'ஏ'யில இடமே இல்லீங்க. உங்க முகத்துக்காக ஒண்ணே ஒண்ணு போடறேன். வெளியில சொல்லிராதீங்க."

"நான் எதுக்குங்க சொல்றேன்?" என்ற ஹரிதாஸ், வாசலைத் தாண்டுவதற்குள் மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆயா மல்லிகா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏனுங்க டீச்சர், அஞ்சாவதுல மொத்தமே பதினொரு புள்ளைங்க. எல்லாம் ஒரே ரூமுல உக்காந்திருக்குது. இதுல 'பி' எங்கீங்க இருக்குது?"

"போன வருசம் வெறும் அஞ்சாவதுன்னு எழுதினேன் மல்லிகா. ஆறு பேர் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்த வருசம் எல்லாருக்கும் 'பி'ன்னு எழுதி அனுப்பினேன். நேத்தே இவரு ஃபேக்டரி டிரைவர்ல இருந்து இலை பறிக்கிறவங்க வரைக்கும் பத்துப் பேரும் போன்ல சண்டை போட்டு 'ஏ' வாங்கிட்டாங்க. இவரோட பதினொண்ணும் 'ஏ' ஆயிடுச்சு. டி.சி. புத்தகத்துல ஒரு தாள்கூடக் கிழியலை."