கொரியா மாப்பிள்ளை

"பொண்ணோட படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க அண்ணே. என் பையனுக்குப் படிச்ச பொண்ணுதான் வேணுமாம்."

சோபால் இதைச் சொன்னபோது வூன் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். சோபால், தாலுகா ஊரின் உயர்நிலைப் பள்ளி வாசலில் அரிசி நூடுல்ஸ் விற்பவள். வூனின் மகள் கொலாப் அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தாள். அறுவடை ஆனதும் அவளைத் தலைநகர் புனோம்பென்னில் ஒரு தையல் ஆலைக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

பையன் கொரியாவில் வேலை பார்க்கிறானாம். திரும்பி வந்ததும் ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பானாம். ஒரே நிபந்தனை, கொலாப் பன்னிரண்டாவது முடித்து டீச்சர் பயிற்சிக்கும் போக வேண்டும்.

வூனின் மனைவி சரேத் முகத்தைச் சுளித்தாள். "அத்தனை வருஷமா? நாத்து நட யாரு இருக்கா? நமக்கு இது சரிப்படாதுங்க."

"நீ சும்மா இரு" என்று வூன் அதட்டினார். கொரியா மாப்பிள்ளை எல்லா வீட்டுக்குமா வருவான்? அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொலாபைக் கேட்டார்கள். படிக்கச் சம்மதம், கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

அதன்பின் வூன் ஆளே மாறிப்போனார். வெள்ளக் காலத்தில் தார்ச் சாலை வரை அவரே மகளைப் படகில் கொண்டுபோய் விட்டார். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். மருமகனுக்காக மகளைப் படிக்க வைக்கிற முதல் ஆள் இவர்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். சரேத் அவ்வப்போது, நிறுத்திவிடலாமே என்று முணுமுணுப்பாள். அவருக்கு வீம்பு இன்னும் ஏறும்.

படிப்பும் பயிற்சியும் முடிந்து, கொலாப் உள்ளூர்ப் பள்ளியிலேயே டீச்சராகச் சேர்ந்தாள். அந்த வருஷம் சோபால் தலைகுனிந்து வந்து நின்றாள். பையன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டானாம்.

வூனின் முகம் இறுகியது. அந்தச் சமயம் பார்த்து, வயல் வரப்பில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாகக் கொலாப் வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே கூச்சலிட்டபடி ஒரு கூட்டம் பிள்ளைகள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள்.

வூன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விடும்மா. நஷ்டம் அவனுக்குத்தான்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார்.

சோபாலைச் சாலை வரை வழியனுப்பப் போன சரேத், அவள் கூடை நிறைய வாழைப்பழத்தை அடுக்கினாள். வீடு கண்ணுக்கு மறைந்ததும் சோபாலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாம வந்து சொன்னியே. உனக்கு நிஜமாவே ஒரு பையன் இருந்திருந்தா, கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் கொடுத்திருப்பேன்டி."