மாவீரன் ராமதாஸ்

கணினித் திரையில் ராமதாஸின் தலைக்குப் பின்னால் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"சிங்கத்துக்குத் தனியா காசு இல்லக்கா. தாமோதரன் சார்தான் கெத்தா இருக்கணும்னாரு," என்றான் பிளெக்ஸ் கடைக் கலைவாணன்.

காசியம்மாள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. ஓரத்தில் இவளுடைய தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேலே சிவப்பு எழுத்தில்: 'மரணத்துக்கும் அஞ்சாத மாவீரன்.'

கீழே, பேனர் வைக்கிறவர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில், தாமோதரன் கைகூப்பி நின்றார். பக்கத்தில் 'கண்ணீருடன்' என்று அவர் பெயர்.

பொத்தேரியில் அவருக்கு ஒரு ஹாஸ்டல் இருக்கிறது. அதன் கழிவுநீர்த் தொட்டியில்தான் முந்தாநாள் ராமதாஸ் மூச்சுமுட்டிச் செத்தான்.

போலீசிடமும் தாமோதரன் இந்த 'அஞ்சாத' கதையையேதான் சொன்னார். தடுத்தும் கேட்கவில்லையாம். பயமே இல்லாமல் அவனாகவே இறங்கினானாம்.

ராமதாஸுக்கா பயமில்லை? கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டான். மாமல்லபுரத்துக் கடலில் முழங்கால் நனைந்ததும் இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டவன்.

அன்றைக்கும் தொட்டி மூடியைத் திறந்ததுமே போன் செய்தான். "பயமா கீது காசி. எறங்கலன்னா வேலைய வுட்டு நின்னுக்கோன்றாரு." பின்னாலிருந்து தாமோதரன் அதட்டுவதும் கேட்டது.

"அந்த மாவீரன எடு தம்பி."

"இன்னாக்கா நீ! எம்மாம் பெரிய பட்டம்!"

"யாருக்குப் பட்டம்? அது பயந்துச்சு. அத எழுது."

கலைவாணன் சிங்கத்தை அழித்தான். மாவீரனை அழித்தான். அவள் சொல்லச் சொல்ல அடித்தான்: 'எங்கள் ராமதாஸ் இறங்கப் பயந்தார்.'

சாயங்காலம் சவ ஊர்வலம் ஹாஸ்டல் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அப்போ சார் போட்டோவையும் தூக்கிடட்டா?"

"அது இருக்கட்டும். 'கண்ணீருடன்'னு கீதுல்ல, அத மட்டும் மாத்து. 'இறக்கிவிட்டவர்'னு போடு."

கலைவாணனின் விரல் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது. கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"பயமா கீதுக்கா."

காசியம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குந்தான். பயந்துகினே அடி."