பத்து நாற்காலி, அரை நன்றி

"குடிகாரனை வேலைக்கு வெச்சிருக்கீங்க! அதுவும் கொடுத்தவனுக்கு நன்றி சொல்ற வேலைக்கு!"

நான் கத்திய கத்தலில் அந்தச் சிகிச்சை இல்லத்தின் நிர்வாகி பேனாவைக் கீழே போட்டுவிட்டார். பாவம், அமைதியான பெண்மணி.

நான் சாதாரண ஆளில்லை. பழைய சாமான் வியாபாரி. இந்த இல்லத்துக்குப் பத்து நாற்காலி இலவசமாகக் கொடுத்த வள்ளல். பத்திலும் என் பெயரை எழுதியே ஆகவேண்டும் என்று பேரம் பேசி, கடைசியில் எட்டுக்குப் படிந்தது. சும்மா கொடுத்ததற்கும் பேரம் பேசிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"என்ன சார் ஆச்சு?"

"தினம் நான் கடை ஷட்டரைத் தூக்குறப்போ போன் வருது. எடுத்தா 'ந… ந… ந…'ன்னு இழுக்கிறான். காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு வந்தா நாக்கு எப்படிப் புரளும்? நானும் பொறுமையாத்தான் கேட்டேன்."

பொறுமை என்ற வார்த்தையைச் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"என்னன்னு கேட்டீங்க?"

"'யோவ், பத்து நாற்காலிக்குப் பத்து நன்றி வரணும். இதுவரைக்கும் அரை நன்றிகூட வரல. மிச்சத்தை எப்போ தருவே?'ன்னு கேட்டேன். தப்பா?"

"தப்பில்லை சார்."

"அதுக்கு இன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'போடா கஞ்சப் பிசினாறி'ன்னுட்டான்! என்னை! எனக்கு இப்பவே மன்னிப்பு வேணும்!"

நிர்வாகி எழுந்தேவிட்டார்.

"என்ன சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்க."

"என் வாயாலேயேவா?"

"தயவு செஞ்சு, சார்."

"போடா கஞ்சப் பிசினாறி."

"திக்காம சொன்னாரா? கடைசி வரைக்கும்?"

"திக்கலா? மணி அடிச்ச மாதிரி சொன்னான்!"

அவர் வாசலுக்கு ஓடினார். "அக்கா! ஓடி வாங்க! உங்க வீட்டுக்காரர் பேசிட்டாரு!"

பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையில் துண்டோடு ஓடி வந்தார். "என்ன சொன்னாரு? என்ன சொன்னாரு?"

மறுபடியும் என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நடுவில் சிரித்தார்.

"சந்தையில ஏலம் விட்டவரு தம்பி. அந்தத் தொண்டையை வெச்சுத்தான் எங்க வீடே ஓடுச்சு. பக்கவாதம் வந்ததுலேர்ந்து ஒரு முழு வார்த்தை கிடையாது. இனிமே அவ்வளவுதான்னு நினைச்சிட்டேன்."

குடிகாரன் என்று கத்தியதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பேச்சு போனவங்களுக்கு இங்க இதுதான் சார் பயிற்சி," என்றார் நிர்வாகி. "கொடுத்தவங்களுக்கு அவங்களே போன் பண்ணி நன்றி சொல்லணும். அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன். நீங்க ஒன்பதாவது நாற்காலிக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க."

"மத்தவங்களும் என்னை மாதிரித்தானே கேட்பாங்க…"

"எங்க சார்! பாவம் பார்த்து, 'பரவாயில்லைங்க'ன்னு பாதியிலேயே வெச்சிடுறாங்க. முழுசா வேணும்னு நிக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதான் தினம் உங்க நம்பர்லேயே விரலை வைக்கிறாரு."

தடியை ஊன்றிக்கொண்டு அவரே வந்து சேர்ந்தார். ஒரு பக்கக் கை தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி என்னைக் காட்டினார்.

"இவரைத்தான் திட்டியிருக்கீங்க. மன்னிப்புக் கேளுங்க."

"ம… ம…" கழுத்து நரம்பு புடைத்தது. "ம…"

"போதும் ஐயா. சாருக்குப் புரிஞ்சிடுச்சு," என்று நிர்வாகி அவர் தோளைத் தொட்டார்.

எனக்கு வந்ததே கோபம்!

"யாருக்குப் புரிஞ்சுது? எனக்கு ஒண்ணும் புரியல! யாரும் குறுக்கே வராதீங்க!" அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, திட்டு மட்டும் முழுசா, மன்னிப்புன்னா முதல் எழுத்தோட சரியா? அந்த வியாபாரம் என்கிட்ட நடக்காது. கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். சாயங்காலம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். ஒரு எழுத்துகூடக் குறையக் கூடாது. ம்… சொல்லுங்க!"