பதில் இல்லாத பாட்டு

"சமர்ப்பணமாம், சமர்ப்பணம்! ஒரு மனுஷனை இப்படியா அவமானப்படுத்துவாங்க?"

மகள் குறுந்தட்டின் உறையை மேசைமேல் விட்டெறிந்தாள். உறையில் அப்பாவின் பழைய படம், கையில் கிடாரோடு. கீழே, 'அண்ணனுக்குத் தம்பியின் சமர்ப்பணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

தம்பி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இன்றைக்குப் பேர்போன ப்ளூஸ் கிடார்காரரான தாடிக்காரர்தான். ஒரு காலத்தில் அப்பாவின் கச்சேரிகளில் முதல் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றவர். அப்பாவின் பாட்டுகளை அவர் ஆல்பமாகப் போடுகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. முதல் தட்டை ஆள்விட்டே அனுப்பியிருந்தார்.

போட்டுக் கேட்ட பிறகுதான் மகளுக்கு வயிறு எரிந்தது.

ப்ளூஸில் பாடுகிறவர் ஒரு வரி பாடி நிறுத்துவார். கிடார் அதற்குப் பதில் சொல்லும். அப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பதில்கள்தான். இந்தத் தட்டிலோ தாடிக்காரர் வரியைப் பாடுகிறார், டிரம்ஸ் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறது, பதிலை மட்டும் காணோம். எல்லாப் பாட்டிலும் இதே கதைதான்.

அப்பா நாற்காலியில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து இடது கை விரல்கள் மடங்க மறுத்ததிலிருந்து அவர் கிடாரைத் தொடவே இல்லை. விரலுக்கு வேலை கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். பிசைவதற்கு அவர் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் தூசியோடு கிடந்தது.

"வாசிச்சா பழைய மாதிரி வாசிக்கணும். இல்லேன்னா வேணாம்" என்பதே அப்பாவின் பேச்சு. இப்படியே முடங்கிப்போய்விடுவாரோ என்று மகளுக்கு உள்ளூரப் பயம்.

இரண்டாவது பாட்டிலேயே அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பாதியில் நிற்கிற எதுவும் அவருக்குப் பொறுக்காது. யாராவது பேச்சை இழுத்தால்கூட இவரே முடித்துவைத்துவிடுவார்.

"மடையன்! எப்பேர்ப்பட்ட இடத்தைக் கோட்டை விட்டிருக்கான்! எடும்மா அதை!"

"எதைப்பா?"

"கிடாரைத்தான்! அவனுக்கு ஒரு போனும் போடு!"

மகள் அலமாரிமேல் இருந்த கிடாரை இறக்கி அவர் மடியில் வைத்தாள். தாடிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏண்டா தாடி, பதில் எங்கடா?"

"என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன் அண்ணே. சரியா வரல. அதான் விட்டுட்டேன்."

"வரலைன்னா விட்டுடறதா? வெட்கமா இல்ல? இப்படி வரணும், கேளு!"

விரல்கள் தந்தியில் வழுக்கின. ஒரு சுரம் முனகியது, அடுத்தது வரவே இல்லை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"புரியலையே அண்ணே. இன்னொரு தடவை?"

"காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே?"

அன்று தொடங்கியது. தினமும் மாலையானால் போன், திட்டு, கிடார். ரப்பர் பந்து கட்டிலுக்கடியிலிருந்து அப்பாவின் கைக்கு வந்தது. சில மாதங்களில் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மகளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், தாடிக்காரர்மேல் எரிச்சல் இன்னொரு பக்கம்.

"இத்தனை தடவை வாசிச்சுக் காட்டியும் மண்டையில ஏறல. இவரைப் போய்ப் பெரிய கலைஞர்ங்கறாங்க!"

ஒருநாள் வேலை முடிந்து வந்த அவள் கணவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "வர்ற வழியில ரேடியோல தாடிக்காரரோட ஆல்பம் போட்டாங்க. அந்தப் பதில்கள் இருக்கே, அடடா! அப்படியே நம்ம மாமா!"

"பதிலா? அதுல ஒண்ணுகூடக் கிடையாதே!"

"யார் சொன்னா? இதோ, நீயே கேளு."

தன் போனில் எடுத்துப் போட்டார். அதே பாட்டு, அதே குரல். ஒவ்வொரு வரிக்கும் கிடார் கணீரென்று பதில் சொன்னது. இந்த வீட்டுக்கு வந்த தட்டில் மட்டும்தான் அந்த இடங்கள் காலி. மகள் உடனே தாடிக்காரருக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா, தெரியாம உங்களை என்னென்னவோ பேசிட்டேன்…"

"ஐயோ, அது கிடக்கட்டும்மா. அண்ணன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. தெரிஞ்சா ரோஷத்துல கிடாரைத் தூக்கி மறுபடி அலமாரி மேல வெச்சிடுவார்."

அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு அப்பாவின் அறைக்கு ஓடினாள். தலைமாட்டில் இருந்த ரேடியோவைச் சத்தமில்லாமல் எடுத்தாள்.

"அதை எங்க தூக்கிட்டுப் போறே?" அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வந்து… கரகரன்னு சத்தம் வருதுப்பா. ரிப்பேருக்கு…"

"ஒரு சத்தமும் வரல, வை. தட்டு வந்த வாரமே அதுல முழுசாக் கேட்டுட்டேன்." அப்பா கண்ணைத் திறந்தார். முகம் முழுக்க அப்படியொரு பெருமை. "என்னைவிட நல்லா வாசிச்சிருக்கான், படவா!"

மகள் ரேடியோவைப் பழைய இடத்திலேயே வைத்தாள். "அப்புறம் ஏம்ப்பா அவரைத் தினமும் அந்தத் திட்டு திட்டறீங்க?"

அப்பா கிடாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஊரே அவனைத் தலைமேல வெச்சு ஆடுது. அவன் என்னடான்னா எனக்காக மக்குப் பட்டம் கட்டிக்கிட்டுத் தினமும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கான். அப்பேர்ப்பட்டவனுக்கு முன்னாடி என் ரோஷம் எந்த மூலைக்கு? நம்பரைப் போடு, குழந்தை காத்துக்கிட்டிருப்பான்."